பொத்தான் இல்லாத இருக்கை
ஆற்றின் ஆரோக்கியம், காட்சிப்பொருள், புன்னக்காயல் குறித்துச் சில குறிப்புகள்

1

ஓர் ஆற்றின் ஆரோக்கியத்தைப் பொதுமக்களுக்கு விளக்கும் காட்சிப்பொருளை வடிவமைக்க உட்காருகிறவர்கள் முதலில் தீர்மானிப்பது காட்சிப்பொருளை அல்ல, அதன் முன்னால் நிற்கப்போகிறவரை. அவருக்கு என்ன தெரியாது, எது தெரிந்தால் போதும், அவர் கை எதுவரை நீளலாம் என்பதெல்லாம் கண்ணாடியும் மரமும் வாங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இலக்கியப் பிரதி தனக்கான வாசகரைத் தானே கட்டமைத்துக்கொள்கிறது என்று பேசிப் பழகிய நாம், அருங்காட்சியகத்தின் படிகளில் ஏறும்போது மட்டும் அந்தப் பேச்சைச் செருப்போடு வெளியே விட்டுவிடுகிறோம்.

தாமிரபரணிக்கரையில் காட்சிப்படுத்தலுக்குக் குறைவில்லை. கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டியே மாவட்ட அறிவியல் மையம் 1987 முதல் இயங்குகிறது. ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த குழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி பதித்த தள அருங்காட்சியகம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட பொருநை அருங்காட்சியகத்துக்கு ரெட்டியார்பட்டியில் கட்டடம் எழுந்தது. ஒன்று அறிவியலைச் சொல்கிறது, மற்ற இரண்டும் தொன்மையைச் சொல்கின்றன. மூன்றும் முகத்துவாரத்துக்கு மேலே இருப்பவை. ஆறு கடலில் சேரும் இடத்தில், புன்னக்காயலில், ஆற்றின் இன்றைய நிலையைச் சொல்லும் காட்சிப்பொருள் ஒன்று அமைவதாக வைத்துக்கொள்வோம். அது எப்படி இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியைப் பொறியாளரிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்பதே என் தரப்பு. இது மொழியின் பிரச்சினை, வாசிப்பின் பிரச்சினை, ஆகவே அதிகாரத்தின் பிரச்சினையும்கூட.

2

‘ஊடாடும் காட்சிப்பொருள்’ என்பதற்கு ஒரு வம்சாவளி உண்டு. 1925இல் மியூனிக்கில் புதிய கட்டடத்துக்குக் குடியேறிய ஜெர்மன் அருங்காட்சியகம், பார்வையாளர் பொத்தானை அழுத்தினால் இயங்கும் மாதிரிகளுக்குப் பேர்போனது. 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம், பார்வையாளர் தானே கைவைத்துக் கண்டுபிடிக்கட்டும் என்றது. இந்தியாவில் 1978இல் உருவான தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமம் இவ்வகைக் காட்சிகளை மாவட்டத் தலைநகரங்கள்வரை கொண்டுவந்தது. ‘தொடாதே’ என்ற பழைய பலகைக்குப் பதில் ‘தொட்டுப் பார்’ என்ற பலகை வந்தது. இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். கோயிலில் எட்ட நின்று கும்பிட்டே பழக்கப்படுத்தப்பட்ட ஒரு சமூகத்தில் ‘தொடு’ என்ற சொல்லுக்கு உள்ள கனம் வேறு.

ஆனால் தொட்ட பிறகு என்ன நடக்கிறது? ‘அசுத்தமான நீரில் வாழும் உயிரி எது?’ என்று திரை கேட்கிறது. நான்கு பொத்தான்கள். சரியானதை அழுத்தினால் பச்சை விளக்கு, தப்பானதை அழுத்தினால் சிவப்பு. பையன் நாலையும் மாற்றி மாற்றி அழுத்திப் பச்சை வந்ததும் அடுத்த மேசைக்கு ஓடிவிடுகிறான். கேள்வியை எழுதியவரே பதிலையும் எழுதிவிட்டார். பார்வையாளரின் கை இரண்டுக்கும் இடையிலான கம்பியின் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

இந்த வடிவம் புன்னக்காயலுக்குப் புதிதல்ல. அங்கே பல்லாண்டு இருந்து பணியாற்றிய போர்த்துக்கீசிய சேசுசபைப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் மொழிபெயர்த்து, 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழின் தொடக்ககால அச்சுநூல் என்பது இலக்கிய வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’ ஆசிரியனும் மாணவனும் பேசிக்கொள்ளும் வினாவிடை வடிவத்தில் அமைந்தது. முத்துக்குளித்துறை மக்களுக்காகவே அச்சேறிய அந்த வினாவிடையில் வினாவும் விடையும் முன்பே முடிந்தவை. படிப்பவர் செய்ய வேண்டியது சொல்லிப் பழகி மனத்தில் நிறுத்துவது. சமய போதனைக்கு அது பொருந்தும் வடிவம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்பது வேறு: நானூற்று நாற்பது வருஷம் கழித்து, சந்தேகப்படக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லும் அறிவியல் ஏன் அதே வடிவத்தில் பேசுகிறது? பொத்தான்பலகை மின்சாரம் ஏற்றப்பட்ட வினாவிடை நூல். ரோலண்ட் பார்த் 1970இல் பிரித்துக்காட்டிய ‘வாசிப்புப் பிரதி’, ‘எழுத்துப் பிரதி’ என்ற இரண்டில் இது முதல் வகையிலும் ஆக இறுக்கமான மாதிரி. பங்கேற்பதுபோன்ற தோற்றத்தைக் கொடுத்து, பங்கேற்பின் சாத்தியத்தை மூடிவிடுகிறது.

3

அடுத்தது ‘ஆரோக்கியம்’ என்ற சொல். ஆற்றை உடம்பாக உருவகிக்கும் சொல் இது. உடம்பு என்றால் நோயாளி உண்டு, மருத்துவர் உண்டு, நாடி பிடிக்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் என்றாகிறது. ஆறு ஆரோக்கியமாக இருப்பது யாருக்காக?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நீர்த்தர வகைப்பாட்டை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். ஐந்து வகுப்புகள். முதல் வகுப்பு, கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத்தக்க நீர்: லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் குறையாத கரைந்த ஆக்சிஜன், 2 மில்லிகிராமுக்கு மிகாத உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. இரண்டாவது குளிக்க. மூன்றாவது சுத்திகரித்துக் குடிக்க. நான்காவது காட்டுயிருக்கும் மீன்வளத்துக்கும். ஐந்தாவது பாசனம், தொழிற்சாலைக் குளிர்விப்பு இத்யாதி. இதற்கு இட்ட பெயரே ‘உரிய சிறந்த பயன்பாடு’ என்பதுதான். ஆற்றின் நலம் என்பது இங்கே ஆற்றின் பயன். அந்த வரிசையில் மனிதனின் வாய் முதலில், உடம்பு பிறகு. மீன் நாலாமிடத்தில் நிற்கிறது.

முகத்துவாரத்துக்கு வந்தால் இந்த அட்டவணையும் கைவிட்டுவிடுகிறது. கடலோர நீருக்கு வேறொரு ஐந்து வகுப்பு. அதில் முதல் வகுப்பில் உப்பளமும் சிப்பி, சங்கு எடுத்தலும் வருகின்றன, குடிநீர் இல்லை. பொதிகையில் தோன்றி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி வருகிற ஒரே தண்ணீர், கடைசிச் சில கிலோமீட்டரில் ஒரு சொல்லாடலிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிறது. கழிமுகம் இந்த இரண்டு அட்டவணைகளுக்கும் இடையிலான வெற்றிடம். ஒரு வேளை நன்னீர், ஒரு வேளை உப்புநீர், பல வேளை இரண்டும். மையங்கள் எழுதிய வகைப்பாட்டுக்குள் விளிம்பு அடங்காது என்று நாம் கோட்பாடாகச் சொல்வதை இங்கே உப்புமானியை வைத்தே நிரூபிக்கலாம்.

உயிரிகளைக்கொண்டு நீரை மதிப்பிடும் முறையும் உண்டு. கல்லடியில் கல்லீ, மேஈ ஆகியவற்றின் இளம்புழுக்கள் இருந்தால் நீர் நன்றாக இருக்கிறது. சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது. பாபநாசத்துக்கு மேலே இது அருமையான பாடம், பிள்ளைகள் கல்லைப் புரட்டிப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். ஆனால் உப்பு ஏறி இறங்கும் புன்னக்காயல் சேற்றில் இந்தப் பூச்சிகளைத் தேடி, ‘இல்லை, எனவே ஆறு நோயுற்றது’ என்று எழுதினால் அது அபத்தம். மேலிருந்து வருகிற அளவுகோல் கீழே பொய் சொல்லும்.

4

அப்படியானால் என்ன செய்யலாம்? நான் கற்பனை செய்வது ஒரு நீண்ட கண்ணாடித் தொட்டி. ஒரு தலையில் நன்னீர்க் குழாய், மறு தலையில் சாயம் கலந்த உப்புநீர். கடல்நீர் நன்னீரைவிட லிட்டருக்குச் சுமார் 25 கிராம் கனமானது. ஆகவே உப்புநீர் அடியில் ஆப்புபோல நுழையும், ஆற்று நீர் அதன்மேல் மிதந்து கடலுக்குப் போகும். மேலிருந்து வரவு குறையக் குறைய அந்த ஆப்பு உள்ளே ஏறிக்கொண்டே வரும். கழிமுகத்தின் முழு இலக்கணமும் இதில் இருக்கிறது.

வழக்கமான வடிவமைப்பாளர் பார்வையாளரின் கையில் ஒரு திருகைக் கொடுப்பார். ‘வரவைக் கூட்டிக் குறைத்துப் பார்’. பார்வையாளர் உடனே கடவுளாகிவிடுவார். இங்கேதான் நான் முரண்படுகிறேன். தாமிரபரணியில் அந்தத் திருகு புன்னக்காயல்காரர் கையில் என்றைக்கும் இருந்ததில்லை. பாபநாசத்தில் அணை, பிறகு கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். காருக்கும் பிசானத்துக்கும் கால்வாய்கள் எடுத்தது போக, ஊர்களுக்குக் குடிநீர் போக, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தொழிற்சாலைகளுக்கென்று நாளொன்றுக்கு 2 கோடி காலன் எடுக்க வகுத்த திட்டம் போக, மிச்சம் வருவதுதான் கீழே வரும். ‘கடலில் வீணாகக் கலக்கும் நீர்’ என்று செய்தித்தாள் எழுதுவது அந்த மிச்சத்தைத்தான். அது வராவிட்டால் கோடையில் மணல்மேடு முகத்துவாரத்தை அடைக்கும், படகு வெளியேறாது, அலையாத்திகள் தாங்கும் அளவைத் தாண்டிச் சேற்றில் உப்பேறும். வீண் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு ஊரே இல்லாமல் போய்விடுகிறது.

எனவே தொட்டியின் ஓரம் பத்து இருக்கைகள். ஒன்பதின் முன்னால் திருகு, அணைக்கு ஒன்று, அணைக்கட்டுகளுக்கு எட்டு. பத்தாவது இருக்கை முகத்துவாரத்தில். அதன் முன்னால் திருகும் இல்லை, பொத்தானும் இல்லை. உட்காருகிறவர் மேலே உள்ள ஒன்பது பேரைப் பார்த்துக் கத்தலாம். ‘ஏ அண்ணாச்சி, கொஞ்சம் தண்ணி விடுங்க.’ அவர்கள் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். ஒன்பது பேரும் தங்கள் தங்கள் கால்வாய் நியாயத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் வில்லன் இல்லை. இன்னொரு ஏற்பாடும் வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் திருகைத் திறந்தால் பத்தாவது இருக்கைக்காரரின் மடியில் தண்ணீர் கொட்ட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆறு கரைகொள்ளாமல் இறங்கியபோது புன்னக்காயல் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. கோடையில் கேட்டும் வராதது, அன்றைக்குக் கேட்காமலே வந்தது.

பிள்ளைகள் இருக்கை மாறி மாறி உட்காரட்டும். ஊடாட்டம் என்றால் கையில் அதிகாரம் கொடுப்பது என்றே இதுவரை பொருள்கொண்டிருக்கிறோம். அதிகாரம் இல்லாத இடத்தில் உட்காரவைப்பதும் ஊடாட்டம்தான். அதைத் திரையில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

5

இது ஒப்பாரியாக முடிந்துவிடும் ஆபத்து உண்டு என்பதை நான் அறிவேன். பத்தாவது இருக்கைக்காரரைப் பாதிக்கப்பட்டவராக மட்டும் காட்டுவது இன்னொரு வகை வன்முறை. அவருக்கு வாசிக்கத் தெரியும். கலக்கு, தெளிவு, நீவாடு, சோழகம், வாடை என்று கடலையும் ஆற்றையும் படிக்கிற நுட்பமான சொற்களஞ்சியம் அந்தக் கரைக்கு உண்டு. 1865இல் இத்தாலியரான செக்கி ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது மறையும் ஆழத்தை அளந்து தெளிவைக் கணக்கிட்டார். இன்றும் உலகெங்கும் அந்தத் தட்டு புழக்கத்தில் இருக்கிறது. சங்கு குளிக்கிறவர் மூழ்குமுன் கண்ணால் போடுகிற கணக்கும் அதுவே.

ஆனால் நம் வட்டாரத்தில் சிலர் செய்வதுபோல் ‘மக்கள் அறிவு’ என்று கைகூப்பி நின்றுவிடவும் கூடாது. மலக்கிருமியைக் கண் பார்க்காது. பளிங்குபோன்ற தண்ணீரும் பேதியைத் தரும். கரைந்த ஆக்சிஜன் மீனுக்குத் தெரியும், மீனவருக்கு மீன் செத்து மிதந்த பிறகுதான் தெரியும். இங்கே ஆய்வகத்துக்கு மாற்று இல்லை. ஆற்று நீருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மருந்து தடவிய சிறு குப்பியில் நீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பில் வைத்தால், மலக்கலப்பு இருக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகி நீர் கறுக்கும். மேலே ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு குப்பி நீர் கொண்டுவந்து அலமாரியில் வரிசையாக வைத்து, ஊர்ப்பெயர் ஒட்டி, பார்வையாளரிடம் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்ல வேண்டும். பச்சை விளக்கு எரியாது, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். எந்த ஊர்க் குப்பி கறுக்கிறது என்பதை யாரும் முன்கூட்டி எழுதிவைக்கவில்லை, அமைத்தவருக்கும் தெரியாது. இதுதான் எழுத்துப் பிரதி.

கூடவே ஒரு பேரேடு வேண்டும். தினமும் முகத்துவாரத்தின் உப்பு, தட்டு மறையும் ஆழம், வாய் திறந்திருக்கிறதா அடைந்திருக்கிறதா, என்ன மீன் வந்தது என நாலு கட்டம். எழுதுகிறவர்கள் ஊர்க்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள். ‘மக்கள் பங்கேற்பு’ என்ற சொல் அரசுத் திட்ட அறிக்கைகளில் படுகிற பாட்டை அறிந்தவன்தான் நான். தகவல் திரட்டிக் கொடுக்கும் கூலியில்லா ஊழியராக ஊராரை ஆக்குவதற்குப் பெயரும் அதுவே. ஆகவே ஒரு நிபந்தனை: பேரேடு ஊரில் இருக்கும், நகல்தான் மேலே போகும். இதில் சும்மா கோட்பாட்டு இன்பம் மட்டும் இல்லை. 2010இல் தாமிரபரணி மணல் அள்ளலை எதிர்த்து ஆர். நல்லகண்ணு தொடுத்த வழக்கில்தான் மதுரைக் கிளை தடை விதித்தது. நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் மொழி ஒன்று உண்டு. அதில் தேதியும் எண்ணும் இல்லாத துயரத்துக்கு ஓசை குறைவு. பத்தாவது இருக்கைக்குத் திருகு கிடைக்காமல் போகலாம், பேனா கிடைக்கலாம்.

6

கடைசியாக, எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லாத ஒன்று. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊதிய உயர்வும் சிறைப்பட்டவர்களின் விடுதலையும் கேட்டு ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தின்மீது காவல்துறை தாக்குதல் நடத்தியது. தப்புவதற்கு ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் உயிரிழந்தார்கள், ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. அறிவியல் மையம் இருக்கும் அதே கொக்கிரகுளம். அந்த நிகழ்வை ஆவணப்படுத்திய ஆர்.ஆர். சீனிவாசனின் படத்துக்கு ‘நதியின் மரணம்’ என்று பெயர். அன்றைய நீரின் கரைந்த ஆக்சிஜன் முதல் வகுப்பிலேயே இருந்திருக்கலாம். இருந்தும் அந்தத் தலைப்பை மிகையென்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

ஆற்றின் ஆரோக்கியம் என்பது நீரின் ஆரோக்கியம் மட்டுமல்ல, அதன் கரையில் இறங்குகிறவருக்கு என்ன நேர்கிறது என்பதும்கூட. கல்லீயையும் உப்பையும் அளக்கிற காட்சிப்பொருள் இதையும் அளக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதற்குக் கருவி கிடையாது. பேரேட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டத்தைத் தலைப்பு எழுதாமல் விட்டுவைத்தால் போதும். என்ன எழுதுவது என்பதைப் புன்னக்காயல் முடிவு செய்யட்டும். அப்படியொரு வெற்றுக்கட்டத்துக்கு ஒப்புதல் தரும் குழு எதுவும் நம்மிடையே இருக்கிறதா என்பதுதான் வடிவமைப்பின் முதல் கேள்வி.