சோளத்தட்டு ஆலைக்கா, தொழுவத்துக்கா?

காய்ந்த சோளத்தட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ். அதை உடைத்தால் குளுக்கோஸ், குளுக்கோஸைப் புளிக்க வைத்தால் எத்தனால். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் கணக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஒரு டன் உலர்ந்த தட்டில் 350 கிலோ செல்லுலோஸ் என்று வைத்துக்கொள்வோம். உடையும்போது நீர் சேர்வதால் எடை கூடி, சுமார் 389 கிலோ குளுக்கோஸ் கிடைக்கும். அதில் 51 சதவீதம் எத்தனாலாக மாறலாம். அதாவது 198 கிலோ, கிட்டத்தட்ட 250 லிட்டர். ஹெமிசெல்லுலோஸில் இருந்து வரும் சைலோஸையும் புளிக்க வைக்க முடிந்தால் இன்னும் ஏறும்.

ஆலைக்கு வந்தால் கணக்கு வேறு. 2022 ஆகஸ்டில் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் திறந்த இரண்டாம் தலைமுறை எத்தனால் ஆலையின் திட்டம், ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எடுப்பது. டன்னுக்கு 150 லிட்டர். அதுவும் திட்டத்தில் எழுதிய அளவு. வைக்கோலும் சோளத்தட்டும் ஒன்றல்ல என்றாலும் மிச்சச் சர்க்கரை எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றும்.

ஒரு பகுதி முதல் கட்டத்திலேயே தவறிப்போகிறது. நறுக்கிய தட்டை நீர்த்த கந்தக அமிலத்தில் நனைத்து, 160 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில நிமிடங்கள் வேக வைக்கிறார்கள். லிக்னினின் பிடி தளர்ந்து செல்லுலோஸ் வெளியே தெரிய வேண்டும், அதற்காகத்தான் இந்த வேக்காடு. வேக்காடு போதாவிட்டால் நொதி உள்ளே நுழையாது. கூடிவிட்டால் வெளிவந்த சைலோஸே ஃபர்ஃபுராலாக மாறும். சர்க்கரையும் போச்சு, ஈஸ்டுக்கு நஞ்சும் ஆச்சு. அடுத்து டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையில் இருந்து எடுத்த நொதி, 50 டிகிரி இளஞ்சூட்டில் இரண்டு மூன்று நாள் வேலை செய்கிறது. குளுக்கோஸ் சேரச் சேர நொதி மந்தமாகிறது. ஒரு பகுதி நொதி லிக்னினில் ஒட்டிக்கொண்டு வீணாகிறது. கூழ் நீர்த்திருந்தால் வடிக்க எரிபொருள் அதிகம் பிடிக்கும், கெட்டியாக இருந்தால் கலக்கி சுழலாது. சாதாரண ஈஸ்ட் சைலோஸைத் தொடுவதே இல்லை, அதற்கென மரபணு மாற்றிய ஈஸ்ட் தேவை.

இத்தனைக்கும் நடுவில் சோளத்துக்குச் சில அனுகூலங்கள் உண்டு. கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதம் நீர் குடிக்கும் இடத்தில், சோளம் நான்கு மாதத்தில் மானாவாரியிலேயே விளைந்துவிடும். நெல் வைக்கோலில் உள்ள அளவு சிலிக்கா இதில் இல்லை. முக்கியமாக, லிக்னின் குறைந்த ரகங்கள் இருக்கின்றன. இலையைப் புரட்டினால் நடுநரம்பு வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக ஓடும், அதுதான் அடையாளம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1970களில் உருவான சடுதி மாற்றங்கள் இவை. அதே அளவு நொதியில் கூடுதல் சர்க்கரை கொடுப்பவை. சில ரகங்களில் தண்டு வலுவிழந்து பயிர் சாய்கிறது என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

என் தடுமாற்றம் இங்கேதான். அந்தப் பழுப்பு நரம்புச் சோளத்தை உருவாக்கியது ஆலைக்காக அல்ல, மாட்டுக்காக. ஆலை அமிலமும் ஆவியும் வைத்துப் படாதபாடு படும் வேலையை மாட்டின் அசைபோடும் வயிறு நுண்ணுயிர்களை வைத்து 39 டிகிரியில் முடித்துவிடுகிறது. எந்தத் தட்டு ஆலையில் எளிதில் சர்க்கரையாகுமோ, அதே தட்டுதான் மாட்டுக்கும் எளிதில் செரிக்கும். ஆக, ஆலை தேடும் சரக்கும் தொழுவம் தேடும் சரக்கும் ஒன்றே.

பஞ்சாபில் நெல் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள், டில்லி மூச்சுத் திணறுகிறது. அங்கே வைக்கோலை வாங்க வரும் ஆலைக்கு ஒரு நியாயம் உண்டு. சோளத்தட்டை யார் கொளுத்துகிறார்கள்? சோலாப்பூர்ப் பக்கம் மால்தண்டி சோளத்தைத் தானியத்துக்காக மட்டுமின்றித் தட்டுக்காகவும் விதைக்கிறார்கள். ஐதராபாத் தீவனச் சந்தையில் நன்றாகச் செரிக்கும் தட்டுக்கு வியாபாரிகள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். கொங்கு மானாவாரிக் காட்டில் மாட்டுக்கென்றே நெருக்கி விதைத்து, அறுத்துக் காயவைத்துப் போர் போடுகிறார்கள். மழை பொய்த்துக் கதிர் பிடிக்காத ஆண்டிலும் தட்டாவது மிஞ்சும். திட்ட அறிக்கைகள் இதைப் ‘பயிர்க் கழிவு’ என்ற பத்தியில் எழுதி, அறுத்துக் கட்டி ஏற்றும் கூலியை மட்டும் செலவாகக் காட்டினால் அது கணக்கே அல்ல. வறட்சி ஆண்டில் ஆலை கொள்முதலுக்கு இறங்கினால், இரண்டு மாடு வைத்திருப்பவர்தான் முதலில் சந்தையை விட்டு வெளியேறுவார்.

வெளிநாட்டு அனுபவமும் தெம்பு தருவதாக இல்லை. அமெரிக்காவின் சோள நாடான கான்சாஸில், ஹியூகோட்டன் என்ற ஊரில் 2014இல் தொடங்கிய செல்லுலோஸ் எத்தனால் ஆலை ஈராண்டு கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அயோவாவில் டூபாண்ட் 2015இல் திறந்த ஆலை, மக்காச்சோளத்தட்டு நாட்டின் நடுவிலேயே இருந்தும் 2017இல் நின்றது. வேதியியலை விட, கட்டுக்கட்டாக வரும் தட்டைச் சேர்ப்பதும் காப்பதும் அதோடு வரும் மண்ணைச் சமாளிப்பதும் இத்தகைய ஆலைகளைப் பாடாய்ப் படுத்தின.

இனிப்புச் சோளத்தின் கதை சற்றே மாறுபட்டது. தண்டிலேயே சர்க்கரைச் சாறு இருப்பதால் அமிலமும் நொதியும் வேண்டாம், பிழிந்து புளிக்க வைத்தால் போதும். ஐதராபாத் அருகே இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு எழுந்த ஆலை இந்தச் சாற்றில் எத்தனால் எடுத்துக் காட்டியது, ஆனால் நிலைக்கவில்லை. வெட்டிய தண்டை ஓரிரு நாளுக்குள் பிழியாவிட்டால் சர்க்கரை குறைந்துவிடும். அறுவடையோ ஆண்டில் சில வாரங்கள்தான். மீதி நாளில் ஆலை என்ன செய்யும்?

இனிப்புச் சோளச் சக்கையில் இருந்து சர்க்கரை எடுக்கும் வழியைத்தான் நான் ஓரளவு ஏற்பேன். சக்கை ஏற்கெனவே நசுங்கி, ஆலை முற்றத்தில் கிடக்கிறது. ஏற்று கூலி சாற்றின் கணக்கில் போய்விட்டது. அதற்கும் மாடும் கொதிகலனும் போட்டிக்கு நிற்கின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. சர்க்கரை ஆலைகள் கரும்பில்லாமல் சும்மா கிடக்கும் மாதங்களில் இனிப்புச் சோளத்தைப் பிழிந்து, மிஞ்சும் சக்கையில் மட்டும் இந்தத் தொழில்நுட்பத்தைச் சோதிக்கலாம். உலர்தட்டை நேரடியாக வாங்கும் ஆலைக்கு அனுமதி கொடுப்பதானால், அந்த வட்டாரத்தின் கோடைக்காலத் தட்டு விலையையும் கால்நடைத் தேவையையும் திட்ட அறிக்கையிலேயே கேட்க வேண்டும்.