காம்பு முறிந்தால்

மண்வெட்டியின் இரும்பு ஒரு தலைமுறைக்கு உழைக்கும். அதன் காம்போ நாலைந்து மழைக்காலங்களைத் தாண்டினால் அதிகம். ஆகவே குடியானவனுடைய ஜீவனத்தில் கொல்லன் பட்டறைக்குப் போகும் பாதையைக் காட்டிலும், நல்ல காம்பு தரும் மரத்துக்குப் போகும் பாதையே அடிக்கடி மிதிபடுவது. அந்தப் பாதை ஓர் ஊரில் கொல்லைப்புற வேலியோடு முடிந்துவிடுகிறது, மற்றோர் ஊரில் காட்டுக்குள் நீள்கிறது, வேறோர் ஊரிலோ பிறருடைய அனுமதிக்காகக் காத்து நின்றுபோகிறது. ஜவ்வாது மலையில் முறிந்த காம்பை மாற்றும் விதத்தையும், இலங்கையில் தமிழர் அதே காரியத்தைச் செய்யும் விதத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், கைந்நுட்பத்தில் காணும் பேதம் சிறிது, மரம் யாருக்குச் சொந்தம் என்பதில் காணும் பேதமே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் இந்த மலையில், காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் குடியேறியதாகச் சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் பிற சிறுதானியங்களும் விளைவித்து வாழ்கிறார்கள். சமனான நிலத்தில் ஏர் நடக்கும். சரிவிலோ கல்லுக்கும் வேருக்கும் இடையே கொத்தித்தான் விதைக்க வேண்டும். இப்படிக் கொத்திப் பயிரிடும் காடுகளில், மண்ணுக்குள் மறைந்திருக்கும் பாறையில் வாய் மோதும் ஒவ்வொரு தடவையும் அந்த அதிர்ச்சி முழுவதும் காம்பின் கழுத்தில், அதாவது இரும்புத் துளைக்குள் மரம் நுழையும் இடத்தில் போய்த் தங்குகிறது. கல்லில் மோதுவதைவிடக் கல்லை நெம்புவதே காம்புக்குப் பெரிய சத்துரு. வெட்டுவதற்கென்று அமைந்த காம்பு வீச்சின் வேகத்தைத் தாங்கும். கடப்பாரையின் வேலையை அதன்மேல் சுமத்தினால் கழுத்தில் நார் ஒவ்வொன்றாக அறுந்து, பின்னொரு நாள் லேசான வெட்டிலேயே முறிந்து விழும்.

மரம் தேர்வதில் மலைவாசிகளுக்குள்ள பரிச்சயம் சாமானியமானதன்று. வண்டி அச்சுக்குப் பேர்போன வெக்காலியும், வளைந்து நிமிரும் சுபாவமுள்ள தடசும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் மரங்கள். தடசு மரம் வண்டியின் ஏர்க்காலுக்கும், தோளில் சுமக்கும் காவடித் தண்டுக்கும், படகின் துடுப்புக்கும் இந்தியா முழுவதிலும் விரும்பப்பட்டது. அதிர்ச்சியைக் கைக்கு விடாமல் தானே விழுங்கிக்கொள்வது அதன் விசேஷ குணம். "பருமனைப் பாக்காதடா தம்பி, நார் எப்படி ஓடுதுன்னு பாரு" என்று பெரியவர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் வார்த்தையில் இந்தச் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தலையிலிருந்து அடிவரை நார் அறுபடாமல் ஓட வேண்டுமானால் கட்டையை ரம்பத்தால் அறுக்கக் கூடாது, ஆப்பு வைத்துப் பிளக்க வேண்டும். பிளவு நாரின் போக்கிலேயே போகும். ரம்பமோ நாரைப் பொருட்படுத்தாமல் நேர்கோட்டில் ஓடி, பார்வைக்கு அழகான, உள்ளே பாதி நார் குறுக்கே வெட்டுண்ட காம்பைக் கொடுக்கும். சந்தையில் கடைசல் பிடித்து விற்கும் காம்புகள் பல ஒரு பருவத்தில் முறிவதற்குக் காரணம் பெரும்பாலும் மரத்தின் குற்றமன்று, அறுத்த விதத்தின் குற்றமே.

முறிந்த துண்டைத் துளையிலிருந்து எடுப்பதிலும் ஒரு ஜாக்கிரதை உண்டு. அவசரக்காரர்கள் இரும்பையே நெருப்பில் போட்டு மரத்தை எரித்துவிடுவார்கள். அதனால் வாயில் கொல்லன் ஏற்றிய பதம் இறங்கி, பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. முளையால் குத்தித் தள்ளுவதே உத்தமம். எரித்தே தீர வேண்டுமென்றால் வாய்ப்பகுதியை ஈரமண்ணில் புதைத்துவிட்டுத் துளையைச் சுற்றி மட்டும் தீ மூட்ட வேண்டும். மண்வெட்டிக்குக் காம்பின் ஒரு தலையைப் பருமனாக விட்டு, மறுமுனையைத் துளையில் நுழைத்துப் பருத்த தலை இறுகும்வரை இழுத்து அடிப்பார்கள். வீச வீச இரும்பு அந்தத் தலையை நோக்கியே நகருமாதலால் வேலையே அதை இறுக்கிவிடும். கோடாலிக்கு அப்படியன்று; தலையில் பிளவு போட்டு ஆப்பு இறக்க வேண்டும். இதன்பின் உடைந்த கண்ணாடித் துண்டைச் செங்குத்தாகப் பிடித்துக் காம்பு நெடுகச் சுரண்டினால், காகிதத்தைவிட மெல்லிய சுருள்கள் உதிர்ந்து, உள்ளங்கைக்கு உறுத்தாத வழவழப்பு உண்டாகும். ஆட்டம் கண்ட காம்பை இரவில் தண்ணீரில் ஊறவைப்பது இரு நாட்டிலும் உள்ள வழக்கம். அதனால் அன்றைய வேலை நடக்கும்; ஆனால் ஊறிப் பருத்த மரம் இரும்போடு நெரிபட்டு நார் நசுங்குவதால், உலர்ந்தபின் முன்னிலும் அதிகமாகச் சுருங்கிவிடும். ஆப்பு ஒன்றே நிலையான பரிகாரம்.

இனி யாழ்ப்பாணத்தைப் பார்ப்போம். அங்கே மலையுமில்லை, சொல்லிக்கொள்ளும்படியான காடுமில்லை. சிவந்த மண்ணில் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் கிணற்று நீரால் வளர்த்த அந்தக் கமக்காரருக்கு மண்வெட்டி மூன்றாவது கை. பாத்தி கட்டுவதும், வாய்க்கால் திருப்புவதும், தோட்டம் கொத்துவதும் அதனால்தான். பிடி முறிந்தால் அவர்கள் நாடியது வேலியை. பூவரசும் கிளுவையும் கதியாலாக, அதாவது துளிர்க்கும் வேலிக்கம்புகளாக, நட்ட யாழ்ப்பாணத்து வேலி, எல்லையும் மறைப்பும் ஆனதோடு, குழைவெட்டி வயலுக்குப் பசளையாகப் போடவும், நிமிர்ந்த பூவரசங்கிளையைப் பிடியாகச் செதுக்கவும் உதவிய ஒரு சிறு வனம். பசிபிக் தீவுகளின் கடலோடிகள் இதே பூவரசில் துடுப்புச் செய்தார்கள் என்பதை நினைத்தால், அந்த மரத்தின் உறுதியை யாழ்ப்பாணத்தார் மட்டும் அறிந்திருக்கவில்லை என்பது விளங்கும். வெக்காலிக்குள்ள வைரம் பூவரசுக்கு இல்லைதான்; ஆனால் வேலி சொந்தம், மரம் சொந்தம், வெட்ட யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரம் வைரத்தின் குறையை ஈடுசெய்துவிடுகிறது.

துடுப்பு முறிந்தால் நடப்பது வேறு கதை. மண்வெட்டிக் காம்பை ஒட்டுப்போடலாகாது. வீச்சில் இரும்பு கழன்று பறந்தால் எதிரே நிற்பவர் உயிருக்கே ஆபத்து. தண்ணீரில் இழுக்கும் துடுப்புக்கு அந்தப் பயம் இல்லையாதலால் அதைச் செப்பனிடலாம். முறிந்த இரண்டு முனைகளையும் தண்டின் கனத்தைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, கயிற்றால் நெருக்கமாக வரிந்து கட்டினால் அது நெடுநாள் தாங்கும். சாய்வின் நீளம் குறைந்தால் பாரம் முழுவதும் கட்டின்மேல் விழும்; சாய்வு நீண்டால் மரமே மரத்தைப் பற்றிக்கொள்ளும். ஜவ்வாது மலையின் அடிவாரத்துச் செங்கத்துக்கு அப்பால், தென்பெண்ணையைத் தடுத்து 1958இல் கட்டி முடித்த சாத்தனூர் அணையில் பரிசலிட்டு மீன் பிடிப்போரின் குட்டைத் துடுப்பாயினும், யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் தோணி செலுத்துவோரின் நீண்ட சவளாயினும் இந்த நியாயம் ஒன்றே. சோழமண்டலக் கரையின் கட்டுமரக்காரரோ பிளந்த மூங்கிலையே துடுப்பாகப் பிடித்தவர்களாதலால், செப்பனிடும் பிரயத்தனமே அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. வேறொரு மூங்கில் போதும். மரத்தில் இரு நாட்டுக்கும் கொடுக்கல் வாங்கலும் இருந்தது. இலங்கையின் சவண்டலை மரம் திருக்கோணமலை மரம் என்ற பெயரோடு சென்னைக்கு ஏற்றுமதியாகி, அலை மோதும் அந்தக் கரையில் மசூலாப் படகுகளாக மிதந்தது.

இலங்கை முழுவதும் யாழ்ப்பாணம் அன்று. வன்னியிலும் கிழக்கிலும் காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்தவர்களுக்குச் சவண்டலையும் முதிரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஊவாப் பகுதியின் புல்வெளிக் காடுகளில் ஜவ்வாது மலையின் வெக்காலியே வளர்கிறது. ஆனால் அங்கும் இங்கும் காட்டின்மேல் சர்க்கார் கை வைத்த சரித்திரம் ஏறக்குறைய ஒரே மாதிரியானது. உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக அனுமானித்த இலங்கையின் 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், 1907ஆம் ஆண்டு வனச் சட்டமும், நம் பக்கத்தில் 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டமும், கோப்பித் தோட்டங்களுக்கு வேண்டிய நிலத்தையோ, கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் வேண்டிய பெருமரங்களையோ நினைத்து எழுதப்பட்டவை. ஒரு முழக் காம்புக்காகக் காட்டுக்குள் போகும் குடியானவன் அவற்றை எழுதியவர்கள் மனத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனதாதலால் இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு: கோடாலியோடு காட்டில் நிற்பவன் எதற்காக நிற்கிறான் என்று கேட்குமுன்பே சந்தேகம் முந்திக்கொள்கிறது.

எல்லாரிலும் நெடுந்தூரத்தில் நின்றவர்கள் இலங்கை மலையகத்துத் தோட்டத் தொழிலாளர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து காடு வெட்டப் போய், அந்தக் காட்டைக் கோப்பியாகவும் பின்னர் தேயிலையாகவும் மாற்றியவர்கள் அவர்களே. மண்வெட்டியும் அலவாங்கு என்னும் கடப்பாரையும் கவ்வாத்துக் கத்தியும் அவர்கள் கையில் இருந்தன. அவர்கள் குடியிருந்த லயத்துக்கு முன்னே நிற்கும் மரமோ தோட்டத்துடையது. வேலி நட அவர்களுக்கு எல்லை இல்லை, காட்டுக்குப் போக உரிமை இல்லை. பிடி செதுக்கத் தெரிந்த கைகளுக்குச் செதுக்க ஒரு கிளை சொந்தமில்லாமல் நூறாண்டுக்கு மேல் கழிந்ததை எண்ணும்போது, கைத்தொழிலைப் பற்றி நாம் பேசும் பெருமைகளெல்லாம் எனக்குக் கூச்சத்தையே தருகின்றன.

ஜவ்வாது மலைக்கு இன்று ஒரு வழி திறந்திருக்கிறது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மரபாகச் சேகரித்துவந்த சிறு வனப்பொருள்களின்மேல் காட்டு மக்களுக்கு உடைமை உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டு, அவற்றுள் மூங்கிலையும் பிரம்பையும் சுள்ளிகளையும் அடிக்கட்டைகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. முதிர்ந்த கல்மூங்கில் உட்கூடு இல்லாத கனத்தோடு விளைவது. களைக்கொத்துக்கு அதைவிட நல்ல காம்பு வேண்டியதில்லை. வெட்டுமரமோ அந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்கிறது. ஆகையால் மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் வேண்டிய தடசும் வெக்காலியும் பழைய சங்கடத்திலேயே இருக்கின்றன. கிராம சபைகள் கூடி, பட்டா நிலத்தின் வரப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் இவ்விரு மரங்களையும் நட்டு வளர்க்கத் தீர்மானிக்குமானால், வனத்துறை நாற்றுக் கொடுத்து உதவுமானால், யாழ்ப்பாணத்தார் தம் வேலியில் கண்ட சௌகரியத்தை மலையிலும் காணலாம். கைப்பருமனுக்கு வரும் இளமரத்தை அடியோடு சாய்க்காமல் இடுப்பளவில் வெட்டிவிட்டால் தடசு மறுபடியும் துளிர்க்கும், வெக்காலியும் துளிர்க்கும். அப்படித் துளிர்த்தெழும் போத்துகளில் நேராக வளர்வதை விட்டுவைத்து மற்றவற்றைக் கழித்துவர வேண்டும்.