'அவரவர் வேகத்தில்' என்று சொல்லிக் கைவிடுவது

இணையவழி உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகள்தான். அங்கே இது இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நடக்கிறது, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். எந்தப் பள்ளியின் விளம்பரத்தைப் பார்த்தாலும் ஒரே வாக்குறுதி: பர்சனலைஸ்டு லேர்னிங், அதாவது ஆளுக்கேற்ற கல்வி. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி, அதனால் பாடமும் அப்படியே இருக்கும் என்கிறார்கள். இந்த ஆசையோடு எனக்குச் சண்டை இல்லை. இந்தப் பெயரில் கைக்கு வந்து சேரும் பொருளோடுதான்.

வாக்குறுதிக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதிய கட்டுரை. ஓர் ஆசிரியர் ஒன்றிரண்டு மாணவர்களை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தால், அதில் சராசரி மாணவர்கூட சாதாரண வகுப்பில் இருக்கும் 98 சதவீதம் பேரைத் தாண்டிவிடுவார் என்றார் புளூம். 'இரண்டு சிக்மா' என்று பேர் வாங்கிய கணக்கு இது. ஆளுக்கொரு ஆசிரியர் கட்டுப்படியாகாது, அப்போ கம்ப்யூட்டரை உட்கார வைப்போம் என்பது அதிலிருந்து பிறந்த கனவு.

கட்டுரைக்குள் போய்ப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரிகிறது. சோதனைகள் நடந்தது 4, 5, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம். பாடங்கள் நிகழ்தகவும் வரைபடக் கலையும். காலம் மூன்று வாரம். பதினைந்து வயதுப் பையன் ஒரு வருஷம் முழுக்க அல்ஜீப்ராவோடு மல்லுக்கட்டுவதற்கு இதை அப்படியே நீட்ட முடியாது. இரண்டாவது, அந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சின்னத் தேர்வு வைத்து, எங்கே தப்பு என்று சொல்லி, மறுபடி கற்றுக்கொடுத்தார்கள். பலன் பக்கத்தில் ஆள் இருந்ததால் மட்டும் வந்ததல்ல, அந்த ஆள் தப்பைக் கவனித்துத் திரும்பி வந்ததாலும் வந்தது.

கர்ட் வான்லென் 2011-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். மனித ஆசிரியரின் விளைவு 0.79 சிக்மா என்று வந்தது. இரண்டில் பாதிகூட இல்லை. சுவாரசியம் என்னவென்றால், படிப்படியாகத் திருத்தும் நல்ல மென்பொருளும் 0.76 வாங்கியது. ஆகவே மெஷின் மோசம், மனுஷன் உசத்தி என்பதல்ல என் வாதம். மாணவர் உட்கார்ந்து பயன்படுத்தினால் மென்பொருள் உதவும்.

'உட்கார்ந்து பயன்படுத்தினால்' என்பதில்தான் சிக்கலே. பிரபலமான கற்றல் தளங்கள் வெளியிடும் முடிவுகளை லாரன்ஸ் ஹோல்ட் 2024-இல் அலசினார். பரிந்துரைத்த அளவுக்குப் பயன்படுத்தியவர்களிடம் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. அப்படிப் பயன்படுத்தியவர்களோ சுமார் 5 சதவீதம்தான். மீதி 95 பேர் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டாமா?

இந்த இடத்தில் 'ஆளுக்கேற்ற' என்ற சொல் நடைமுறையில் எதைக் குறிக்கிறது என்று பார்க்கலாம். ஒன்று, கற்றல் பாணி: நீ கண்ணால் கற்பவன், அவள் காதால் கற்பவள் என்று பிரித்து வீடியோவோ ஆடியோவோ கொடுப்பது. பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008-இல் இது பற்றிய ஆய்வுகளை அலசிப் பார்த்து, பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். காது கேளாத மாணவருக்கு வசனவரி, எழுத்துக்கூட்டத் திணறுபவருக்கு வாசித்துக்காட்டும் குரல் என்பதெல்லாம் வேறு. அவை நிஜமான தேவைக்கு நிஜமான உதவி. பாணி வினாடி வினா அப்படி இல்லை.

இன்னொன்று, வேகம். 'உன் வேகத்தில் படி.' பெரும்பாலான இடங்களில் கடைசியில் மிஞ்சுவது இதுதான். தானாக நேரம் ஒதுக்கிப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது வரம். அப்படிப் பழகாத பிள்ளைக்கு, வீட்டில் கேட்க ஆள் இல்லாத பிள்ளைக்கு, இது ஒருத்தரும் கவனிக்காமல் பின்தங்கிப் போக ஒரு வழி.

முழுக்க இணையத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகள், அதாவது அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் பள்ளிகள், பற்றி 2015-இல் வந்த அறிக்கைகள் இதைத்தான் காட்டுகின்றன. ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ மையம் இந்த மாணவர்களைச் சாதாரணப் பள்ளியில் படிக்கும் அவர்களைப் போன்ற மாணவர்களோடு ஒப்பிட்டது. வாசிப்பில் 72 நாள் பின்னடைவு. கணிதத்தில் 180 நாள். அமெரிக்கப் பள்ளி வருஷமே 180 நாள்தான். மதிப்பெண்ணை நாளாக மாற்றுவது தோராயமான கணக்கு என்று தள்ளுபடி செய்தாலும் இது சின்னச் சறுக்கல் இல்லை. கூடவே மாத்தமேட்டிகா நிறுவனம் கண்டது: இந்தப் பள்ளிகளில் ஒரு வாரத்தில் கிடைக்கும் நேரடி ஆசிரியர் நேரம், சாதாரணப் பள்ளியில் ஒரே நாளில் கிடைப்பதைவிடக் குறைவு. நேரத்தைக் குறைத்துவிட்டு அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சிகாகோவில் நடந்த சோதனை இன்னும் வலிக்கிறது. 9-ஆம் வகுப்பில் அல்ஜீப்ராவில் தோற்றவர்களை, அதாவது கவனிப்பு அதிகம் தேவைப்பட்டவர்களை, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு இணையத்தில் மறுபடி படித்தது, இன்னொன்று வகுப்பில் ஆசிரியரிடம். வகுப்பில் படித்தவர்களைவிட இணையத்தில் படித்தவர்கள் குறைவாகவே தேறினார்கள். பின்னால் பள்ளியை முடித்த விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இணைய வகுப்புகளிலும் அறையில் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அவர் கணக்கையே சொல்லிக்கொடுத்த இடங்களில் மாணவர்கள் பாடத்தில் கூடுதல் தூரம் போனார்கள்.

அப்போ இணையவழியே வேண்டாமா? அப்படி இல்லை. ரொம்ப நாள் படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு, இயற்பியல் ஆசிரியரே இல்லாத கிராமத்துப் பள்ளிக்கு இது கதவைத் திறக்கிறது. 1997-இல் தொடங்கிய ஃப்ளோரிடா வர்ச்சுவல் ஸ்கூல் அரசுப் பள்ளி. அங்கேயும் மாணவர் தன் வேகத்தில்தான் படிக்கிறார். ஆனால் ஆசிரியர் மாணவரோடும் பெற்றோரோடும் தொடர்ந்து போனில் பேச வேண்டும். நடுநடுவே வாய்மொழித் தேர்வு: ஆசிரியர் கூப்பிட்டு, 'இதை எப்படிச் செய்தாய், சொல்லு' என்று கேட்பார். மாணவர் பாடத்தை முடித்தால்தான் பள்ளிக்கு அரசுப் பணம். சிங்கோஸும் ஷ்வெர்ட்டும் 2014-இல் பார்த்தபோது, அங்கே அல்ஜீப்ராவும் ஆங்கிலமும் படித்தவர்கள் மற்றவர்களுக்குச் சமமாக, கொஞ்சம் மேலாகக்கூட, மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். அது குலுக்கல் சோதனை இல்லை. ஒன்றிரண்டு பாடம் மட்டும் அங்கே எடுத்தவர்களும் நிறைய. ஆனாலும் அமைப்பில் இருக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது: ஒரு பிள்ளை நின்றுபோனால் அதைக் கவனித்தாக வேண்டிய கட்டாயம் யாரோ ஒருவருக்கு இருக்கிறது.

என் முடிவு இதுதான். பாடத்தை ஆளுக்கேற்றதாக மாற்றுவது பலகையும் மெனுவும் இல்லை. இவன் எங்கே சிக்கிக்கொண்டான் என்று தெரிந்துவைத்திருப்பவர் ஒருவர், அதற்கு ஏதாவது செய்தே ஆகவேண்டிய பொறுப்போடு இருப்பது. அந்தச் சிக்கலைக் கண்டுபிடித்துக் கொடுக்க மென்பொருள் உதவலாம், பொறுப்பை அது எடுத்துக்கொள்ளாது. ஆசிரியர் நேரம் செலவு பிடிக்கும் சமாசாரம், எனவே முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

இணையவழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள் மென்பொருளின் சாகசங்களைக் கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? என் பிள்ளை நாலு நாள் உள்ளே வரவில்லை என்றால் யார் கூப்பிடுவார்? பாதியில் விட்டவர்களையும் சேர்த்துத்தான் உங்கள் தேர்ச்சிக் கணக்கா? மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில் 'ஆளுக்கேற்ற கல்வி' என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், அங்கே பிள்ளை தனியாகத்தான் படிக்கப் போகிறது.