சான்றிதழ் எதற்குச் சான்று? தென்கொரியாவின் புலம்பெயர் நடுநிலைப்பள்ளி மாணவரும் கணினித்திறன் தேர்வும்

ஆய்வுச் சுருக்கம்

தென்கொரியாவில் பெரிதும் நாடப்படும் கணினித்திறன் சான்றிதழ்களுள் ஒன்று ஐடிக்யூ. கொரிய மொழியை முழுமையாகக் கல்லாத நிலையில் அந்நாட்டு நடுநிலைப்பள்ளிகளில் சேரும் புலம்பெயர் மாணவர்க்கு இச்சான்றிதழ் எதை அளிக்கிறது, எதை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இத்தேர்வின் ‘ஹங்குல்’ ஆவணத் தயாரிப்புப் பாடம் இங்கு ஒரு பனுவலாகக் கொள்ளப்பட்டு, அதன் வினா அமைப்பும் மதிப்பெண் பகிர்வும் திறனாய்வுக்கு உட்படுத்தப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: புலம்பெயர் மாணவர், கணினித்திறன், சான்றிதழ், கொரிய மொழி, தட்டச்சு, மதிப்பீடு.

முன்னுரை

ஒருவருக்குத் தெரிந்ததைப் பிறர் நம்பும்படி உறுதிசெய்வது சான்றிதழின் பணி. அது எதை உறுதிசெய்கிறது என்பதில் தெளிவு இல்லாதபோது, பெற்றவரும் அதனை நம்பிக் கற்பிப்பவரும் ஒருசேர ஏமாறக்கூடும். வளர்ந்த பின் புதிய நாட்டுக்கு வந்து, அந்நாட்டு மொழியிலேயே தேர்வெழுத வேண்டிய சிறார்க்கு இவ்வினா மிகவும் பொருந்தும். தென்கொரியாவில் இத்தகையோரை ‘இடையில் நாட்டுக்குள் வந்தோர்’ என்னும் பொருள்படும் சொல்லால் குறிப்பர். பிறந்து வளர்ந்த நாட்டை விட்டு, பெற்றோரின் மறுமணம் அல்லது வேலை காரணமாகக் கொரியா வந்தவர்கள் இவர்கள். சீனத்துக் கொரிய வம்சாவளியினர், வியட்நாமியர், நடு ஆசியாவிலிருந்து வரும் கொரியோ மக்கள் ஆகியோரின் பிள்ளைகள் இவர்களுள் உள்ளனர். கொரியோ மக்கள் 1937இல் சோவியத் ஆட்சியால் தூரக்கிழக்கிலிருந்து நடு ஆசியாவுக்குக் கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். முன்னோரின் மொழி கொரியமாக இருப்பினும், அவர்தம் பிள்ளைகள் பலருக்குப் பழகிய மொழி உருசியமே.

தேர்வின் அமைப்பு

ஐடிக்யூ தேர்வைக் கொரிய உற்பத்தித்திறன் மையம் நடத்துகிறது. 2002 முதல் இதற்கு அரசின் அங்கீகாரம் உண்டு. வயது வரம்போ கல்வித் தகுதியோ இல்லை. முழுவதும் செய்முறையாக அமைந்த இதில் ஒரு பாடத்துக்கு 60 நிமிடம், 500 மதிப்பெண். 400க்கு மேல் பெறுவோர்க்கு ‘ஏ’, 300க்கு மேல் ‘பி’, 200க்கு மேல் ‘சி’ எனத் தரம் வழங்கப்படும்.

ஹங்குல் பாடத்தில் மதிப்பெண் பின்வருமாறு பிரிகிறது: பத்தி நடை அமைத்தலுக்கு 50, அட்டவணைக்கும் வரைபடத்துக்கும் 100, கணிதச் சூத்திரங்களுக்கு 40, உருவங்களை அமைத்தலுக்கு 110, முழு ஆவணம் உருவாக்குதலுக்கு 200. எல்லா வினாக்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. வினாத்தாளில் அச்சிடப்பட்டுள்ளதை அப்படியே திரையில் மீளுருவாக்க வேண்டும். அட்டவணையிலிருந்து வரைபடம் அமைக்கும் மாணவர், அவ்வரைபடம் எதைக் காட்டுகிறது எனக் கூறவேண்டியதில்லை. சூத்திரத்தை அமைப்பவர் அதன் விடையைக் காணவேண்டியதில்லை. பத்தியைத் தட்டச்சிடுபவர் அதன் கருத்தை அறியவேண்டியதில்லை.

மொழியறியாமலே எழுதுதல்

இம்மீளுருவாக்க இயல்பே புலம்பெயர் மாணவர்க்கு முதற்கண் வாயிலாகிறது. கொரிய மொழியில் ஒலிப்பால் பிரித்தறிய இயலாத, எழுத்தால் மட்டும் வேறுபடும் உயிர்கள் உள்ளன. சொல்லெழுதச் சொன்னால் இவற்றில் பிழைபடும் மாணவர், பார்த்துத் தட்டச்சிடும்போது பிழைபடுவதில்லை. அங்குச் செவிக்கு வேலை இல்லை, கண்ணும் விரலுமே செயற்படுகின்றன. பரவலாக வழங்கும் கொரிய விசைப்பலகையில் மெய்கள் பெரும்பாலும் இடப்புறமும் உயிர்கள் வலப்புறமும் அமைந்துள்ளன. அடுத்தடுத்து அழுத்தப்படும் எழுத்துகளை மென்பொருளே அசையாகத் தொகுத்துவிடும். ஒலிபெயர்ப்பெழுத்தால் சீனத்தைத் தட்டிய விரலுக்கும், சிரில்லிக் எழுத்துக்குப் பழகிய விரலுக்கும் இது சமமாகவே புதியது.

மென்பொருளின் பட்டியல்களிலுள்ள ‘எழுத்துரு’, ‘பத்தி’, ‘அடிக்குறிப்பு’, ‘தலைப்புரை’ ஆகியவற்றுக்கான கொரியச் சொற்களையும் அறியாமலே மாணவர் கடந்துவிட முடியும். விசைச் சேர்க்கைகளை வரிசை மாறாமல் மனனம் செய்தால் போதும். ஆகவே கொரியம் சரளமாக வராத ஒருவர் உயர்தரம் பெறுவதற்கு இத்தேர்வில் தடையேதும் இல்லை.

இதனை வெறும் குறையாகக் கருதிவிட இயலாது. வரலாறு, அறிவியல், இலக்கியம் என எப்பாடத்திலும் மொழிக்குறைவால் கடைநிலைக்குத் தள்ளப்படும் மாணவர், இத்தேர்வில் உள்ளூர் மாணவர் எழுதும் அதே தாளை, அதே 60 நிமிடத்தில், எவ்விதச் சலுகையுமின்றி எழுதுகிறார். பதின்மூன்று, பதினான்கு அகவையில் அந்தச் சமநிலை தரும் தன்மதிப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

பெயரால் நேரும் மயக்கம்

கொரிய எழுத்துமுறைக்கும், 1989இல் வெளிவந்த சொற்செயலிக்கும் ‘ஹங்குல்’ என்பதே பெயர். ஹங்குல் பாடத்தில் தேர்ச்சி என்னும் தொடர், மொழித்தேர்ச்சி என மயங்குதற்கு இடமளிக்கிறது. கொரிய மொழித்திறனை அளப்பதற்கு 1997 முதல் நடைபெறும் டாப்பிக் என்னும் தேர்வு தனியே உள்ளது. அதன் தொடக்கநிலையில் கேட்டலும் வாசித்தலும், மேல்நிலையில் அவற்றோடு எழுதுதலும் சோதிக்கப்படுகின்றன. ஐடிக்யூ இவற்றுள் எதனையும் சோதிப்பதில்லை.

மயக்கம் பெயரோடு நிற்பதில்லை. பயிற்சித் திட்டம் ஒன்றின் வெற்றியைச் சான்றிதழ்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கும்போது, மூன்று மாதத்தில் ‘ஏ’ தரம் பெற்ற மாணவர் முன்னேறியவராகவும், அதே காலத்தில் ஒரு பக்கச் செய்தியை வாசித்துப் புரிந்துகொள்ளத் தொடங்கிய மாணவர் பின்தங்கியவராகவும் தோன்றுவர். எண்ணத்தக்கது எண்ணப்படுகிறது, எண்ணற்கரிய வளர்ச்சி கணக்கில் விடுபடுகிறது. உயர்நிலைப்பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் இதன் விளைவு கடுமையாகும். கையில் சான்றிதழும் மொழியில் குறையும் உடைய மாணவரை, அவர் விருப்பம் கேளாமலே தொழிற்பிரிவு நோக்கி நகர்த்துவதற்கு அச்சான்றிதழே காரணமாகக் காட்டப்படலாம். வாயிலாக வந்தது வேலியாகிவிடும் இடம் இதுவே.

காணப்படாத திறன்

இத்தேர்வு கோரியும் மதிக்கத் தவறும் திறன் ஒன்று உள்ளது. முழு ஆவண வினாவில் சில கொரியச் சொற்களைச் சீன எழுத்துக்கு மாற்ற வேண்டும். சொல்லைத் தட்டச்சிட்டு மாற்றுவிசையை அழுத்தினால் ஒரே ஒலியுடைய பல சீன எழுத்துச் சொற்கள் திரையில் வரிசையாகத் தோன்றும். உரியதைத் தெரிந்தெடுக்க வேண்டும். அன்றாட எழுத்தில் சீன எழுத்து அருகிவிட்ட கொரியாவில், உள்ளூர் மாணவர் பலர் இவ்விடத்தில் வடிவத்தை ஒப்பிட்டே தெரிந்தெடுக்கின்றனர். சீனத்தில் பயின்று வந்த மாணவரோ பொருளறிந்து தெரிந்தெடுக்க வல்லவர். கொரியாவில் வழங்குவன மரபு வடிவங்கள், சீனத்தில் அவர் கற்றவை எளிமைப்படுத்தப்பட்டவை எனினும், ‘பண்பாடு’ என்பதைக் குறிக்கும் சொல் போன்ற பல இரண்டிலும் ஒன்றே.

மாணவரின் முந்தைய கல்வி பயன்படும் அரிய இடம் இது. ஆயினும் விடைத்திருத்தத்தில் பொருளறிந்து தெரிந்தெடுத்தவருக்கும் வடிவொப்பால் தெரிந்தெடுத்தவருக்கும் வேறுபாடில்லை. வகுப்பறை நினைத்தால் அவ்வேறுபாட்டைக் காணவியலும்: அச்சொல்லை அம்மாணவரே மற்றவர்க்கு விளக்கும் வாய்ப்பைத் தரலாம்.

செய்யத்தக்கவை

தேர்வை மாற்றுவது ஆசிரியர் கையில் இல்லை. தேர்வுக்கான பயிற்சியை மாற்றுவது அவர் கையில் உள்ளது. தட்டச்சுப் பயிற்சிக்குத் தரப்படும் பத்தியை முதலில் வாசித்துப் பொருள் பேசிய பின்னர் தட்டச்சிடச் செய்யலாம். வரைபடம் அமைத்த மாணவர் அது கூறும் செய்தியை ஒரு தொடரில் எழுதலாம். பட்டியற்சொற்களை விசைச் சேர்க்கையோடு சொற்களாகவும் கற்பிக்கலாம். ‘தலை’ என்பதற்கான கொரியச் சொல் ‘தலைப்புரை’யில் இருப்பதைக் கண்ட மாணவர்க்கு அச்சொல் மென்பொருளுக்கு வெளியேயும் பயன்படும். 2025இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் நடுநிலைப்பள்ளியில் தகவலியல் பாடத்தை 34 மணியிலிருந்து 68 மணியாக உயர்த்தியுள்ளது. அதில் நிரல் எழுதவும் தரவை ஆராயவும் காரணம் கூறவும் வேண்டும். ஆவண வடிவத்தை மட்டும் பயின்ற மாணவர் அவ்வகுப்பில் மீண்டும் மொழியின் முன் நின்றுவிடுவார்.

முடிவுரை

ஐடிக்யூ ஹங்குல் சான்றிதழ், மாணவரின் விரல்திறனுக்கும் கவனத்துக்கும் நேரக் கட்டுப்பாட்டுக்கும் நேர்மையான சான்றாகும். வாசிப்புக்கும் சிந்தனைக்கும் அது சான்றன்று; அவ்வாறு அத்தேர்வு தன்னைக் கூறிக்கொள்வதும் இல்லை. பிழை, அதனை மொழிக்கு ஈடாகக் கொள்ளும் கற்பித்தலில் உள்ளது. தான் தட்டச்சிட்ட பக்கத்தைத் தானே வாசிக்கவல்ல மாணவரிடத்தில்தான் அச்சான்றிதழ் முழுப்பொருள் பெறும். அந்நிலைக்கு அவரைக் கொணர்வதைப் பயிற்சியின் இலக்காகவும், தேர்ச்சியை அதன் உடன்விளைவாகவும் கொள்வதே தக்கது.