ஹர்ஷசரிதத்தில் முடிச்சுச் சாயம்

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் இயற்றிய ‘ஹர்ஷசரிதம்’ என்னும் வடமொழி உரைநடைக் காப்பியத்தின் நான்காம் பகுதி, ஹர்ஷரின் தங்கை இராச்சியசிரீயின் திருமணத்தைக் கூறுகின்றது. மணத்தின்பொருட்டு அரண்மனையில் ஆயத்தமாகும் ஆடைகளைப் பாணர் நீண்ட தொடர்களில் வருணிக்கின்றார். அரச செல்வத்தைப் பெருக்கிக் காட்டும் அணிநயமாக மட்டும் இதனைக் கொண்டு மேற்செல்வாரும் உளர். தொழிலின் நெறியை உடனிருந்து கண்டறிந்த ஒருவரின் கூற்றாக இது நமக்குத் தோன்றுகின்றது.

தொடரின் அமைப்பை நோக்குவோம். பலவகைக் கோலங்களை அமைப்பதில் வல்ல நகரத்து முதுபெண்டிரால் கட்டப்படுவனவும் கட்டப்பட்டனவுமாகிய துணிகள் முதற்கண் கூறப்படுகின்றன. சாயத் தொழிலாளரால் தோய்க்கப்படுவனவும் தோய்க்கப்பட்டனவும் அடுத்து வருகின்றன. பின்னர், ஏவலர் இரு முனையும் பற்றி அசைக்க, நிழலில் உலர்த்தப்படுவனவும் உலர்ந்தனவும் வருகின்றன. நிகழ்காலமும் இறந்தகாலமும் இவ்வாறு இணைந்து வருதலால், ஒரு துணி முடியும்போதே மற்றொன்று கைக்கு வரும் பணிக்களத்தின் விரைவு நடையிலேயே புலப்படுகின்றது.

ஈண்டுக் ‘கட்டுதல்’ யாது? சாயத்திற்கு முன்னர் அது நிகழ்வதே விடை பகர்கின்றது. துணியைச் சிறு சிறு புள்ளியாகக் கிள்ளியெடுத்து நூலால் இறுகச் சுற்றிச் சாயத்தில் தோய்த்தால், கட்டுண்ட இடம் முன்னைய நிறத்தோடு நிற்கும். நூலை அவிழ்த்தவழிப் புள்ளி தோன்றும். குசராத்து, இராசத்தானப் பகுதிகளில் ‘பந்தனி’ என வழங்குவதும், மதுரைச் சௌராட்டிர மக்கள் வளர்த்த ‘சுங்குடி’யும் இம்முறையினவே. வாசுதேவ சரண அகர்வாலா தம் ஹர்ஷசரித ஆய்வில் இப்பொருளையே எடுத்துக் காட்டினார். அவர் பண்பாட்டுச் செய்தியாகக் கண்டதனை நாம் நடைச்சிறப்பாகவும் காண்கின்றோம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. அந்தப்புரத்து மூதாட்டியர் சாயத் தொழிலாளர்க்குச் சிறப்புச் செய்ததைப் பாணர் கூறுகின்றார். முதுபெண்டிரின் வன்மையைக் கூறுபவர், அவர்க்குச் செய்த சிறப்பைக் கூறினாரல்லர். அரசனைப் புகழும் நூலில் இஃது இயல்பே எனினும் குறையே. இவ்வேறுபாடு பாணரோடு ஒழிந்ததன்று. இன்றும் கச்சுப் பகுதியில் சாயத் தொழிலாற் பெயர்பெற்றோர் கத்திரி வகுப்பினர்; முடிச்சிடுவோர் பெரும்பாலும் வீட்டிலிருந்து பணிபுரியும் பெண்டிர். நான்கு முடிச்சுகளை ஒரு ‘கடி’ எனக் கணக்கிடுவர். முடிச்சின் தொகைக்கேற்பவே அவர்தம் கூலி அமைகின்றது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் கிடைத்த புவிசார் குறியீடும் ஊர்ப்பெயரையே காக்கின்றது. புள்ளியிட்ட கைகளைச் சுட்டுவதில்லை.

எனினும், செயப்பாட்டு வினைகளை அடுக்கிய பாணர் ‘முதுபெண்டிரால்’ என்னும் கருத்தாவை விட்டுவிடவில்லை. துணிவகைகளை விரித்துரைத்து அக்கருத்தாவைக் கைவிடும் உரை, அவர் சொன்னதிற் பாதியையே சொல்வதாகும். வருணனைகளை ஆராயப் புகும் மாணவர், பொருளின் அழகோடு அதனைச் செய்தார் யாவர் என்பதனையும் நூலினிடத்தே வினவுதல் வேண்டும்.