எந்த இரைச்சல்?

அடுத்த மாதம் வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். பீரோவின் கீழ்த்தட்டில் அப்பாவின் கேசட்டுகள் நூற்றுக்கு மேல் கிடக்கின்றன. "எல்லாம் போன்லயே இருக்குல்ல, இத எதுக்கு வாடகை வீட்டுக்குத் தூக்கிட்டு அலையணும்?" என்கிறார் அம்மா. நியாயமான கேள்விதான். இந்தக் கட்டுரை அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில். நேரில் சொன்னால் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்.

சோதனைக்கு நான் எடுத்துக்கொண்டது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'. 1986ல் வந்த, சினிமாவுக்கு வெளியே செய்த தொகுப்பு. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்டது. வயலின் வி. எஸ். நரசிம்மன். அப்பா வாங்கிய கேசட் இருக்கிறது. நண்பன் ஒருவனிடம் இசைத்தட்டையும் அதை ஓட்டும் பிளேயரையும் பத்து நாள் இரவல் வாங்கினேன். மூன்றாவது, போன். மூன்றையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில், ஒரே ஸ்பீக்கரில், அம்பத்தூர் ஓ.டி.யில் எங்கள் முன்னறையில் கேட்டேன்.

முன்னறை என்று சொன்னதைக் கவனியுங்கள். அனலாக்கா டிஜிட்டலா என்று சண்டை போடுகிறவர்கள் யாரும் அறையைப் பற்றிப் பேசுவதில்லை. பதினாறு பிட் சிடி ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சைத் தாங்கும். நல்ல இசைத்தட்டு 60, 70. சாதாரண கேசட் 50 பக்கம். காகிதத்தில் பார்த்தால் கேசட் தோற்றுப்போகிறது. ஆனால் எங்கள் மின்விசிறியை ஐந்தில் வைத்து, போன் செயலி ஒன்றால் அளந்தேன்: 50க்குக் கொஞ்சம் குறைவு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சந்து லேத் பட்டறையும் சேர்ந்துகொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராத அளவுக்குச் சத்தம் வைத்தால் உச்சத்தில் 85 வரும். ஆக, எனக்கு மிஞ்சுவது 35 டெசிபல்தான். முரட்டுக் கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கேசட்டால் தர முடிவதையே என் அறை முழுதாக வாங்கிக்கொள்வதில்லை. மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்தவும் முடியாது.

அப்படியானால் இசைத்தட்டின் 'கதகதப்பு'? தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏதோ ஆன்மிக அனுபவம்போல எழுதுகிறார்கள். 2022ல் அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டது. முழுக்க அனலாக் என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய அதன் தட்டுகள் பலவற்றில், பல ஆண்டுகளாகவே, நடுவில் டிஜிட்டல் படி ஒன்று இருந்திருக்கிறது. பொற்காதுக்காரர்கள் அத்தனை பேரும் அவற்றைப் புகழ்ந்துகொண்டிருந்தவர்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. கொஞ்சம் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான். நம்ம ஊரிலும் எண்பதுகளின் ராஜா என்றாலே சுத்த அனலாக் என்று நினைக்கிறோம். இதே 1986ல்தான் 'புன்னகை மன்னன்' படத்துக்கு அவர் கம்ப்யூட்டர் வைத்து இசை செய்தார்.

தட்டுக்கென்று ஒரு பௌதிகக் குறையும் உண்டு. அது ஒரே வேகத்தில் சுற்றினாலும், ஊசிக்கு அடியில் ஓடும் பள்ளத்தின் வேகம் வெளி விளிம்பில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் பக்கம். உள்ளே போகப்போகப் பாதிக்கும் கீழே. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி உருப்படியிலும் வயலினின் மேல்ஸ்தாயி லேசாகச் சொரசொரக்கும். இரவல் தட்டில் எனக்கு அது தெளிவாகவே கேட்டது.

போன் ஜெயித்ததா என்றால், இந்தத் தொகுப்பைப் பொறுத்தவரை ஆம், சத்தத்தில். ஆனால் பழைய படப்பாடல்களில் நிலைமை வேறு. ஒரே பாட்டு நாலு இடத்தில் நாலு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று மூலநாடாவிலிருந்து எடுத்ததுபோல் இருக்கும். இன்னொன்று தேய்ந்துபோன பிரதியிலிருந்து எடுத்து, இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று பிரஷ்ஷின் உரசலையும் பாடகரின் மூச்சையும் சேர்த்தே வழித்து எறிந்திருக்கும். எந்தப் பிரதி, யார் மாற்றியது என்று எங்கும் எழுதியிருக்காது. எனக்குப் பிரச்சினை இதுதான். டிஜிட்டலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கவனக்குறைவு, அவ்வளவே.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் தொகுப்பில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒரு உருப்படி, 'அண்ட் வீ ஹேட் எ டாக்' என்று ஒரு உருப்படி. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன், பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு தலைப்பும் சேர்ந்து ஒரே வாக்கியம். முதலாவதில் பாக்கின் மூன்றாம் பார்ட்டீட்டா வயலின் ஓடிக்கொண்டிருக்க, ராஜா அதைச் சுற்றித் தன் வீட்டைக் கட்டுகிறார். போன் கலைத்துப்போட்டு ஒலிக்கும்போது வந்த விருந்தாளியோடு பேச்சே நடக்காமல் வேறெதற்கோ தாவிவிடுகிறது. அதை நிறுத்தி வைக்கலாம்தான். ஆனால் நிறுத்திவைத்து முழுசாகக் கேட்பவர்கள் எத்தனை பேர்? நானே கேட்டதில்லை, கேசட்டைத் திரும்பப் போடும் வரை. கேசட்டில் தாண்டிப் போவது தொல்லை. அந்தத் தொல்லைதான் என்னை உட்கார வைத்தது.

அப்பா எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத்தில் நின்றவர். மெஷின் சத்தம் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கேட்கும் திறனை என்பார்கள். இருபதாயிரத்தைப் பற்றிய சண்டையெல்லாம் அவருக்கு எப்போதோ முடிந்துபோன சண்டை. ஞாயிறு மதியம் முதலில் போனிலும் பிறகு கேசட்டிலும் பாக் உருப்படியைப் போட்டுக் காட்டினேன்.

"கேசட்ல இரைச்சல் ஜாஸ்தியா இருக்குல்லப்பா?"

"எந்த இரைச்சல்?" என்றார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். "இப்ப போடு, மொதல்லேர்ந்து."

2015 மழைத் தண்ணீரில் ஊறிப் பூஞ்சை பிடித்தவை நாற்பது. அவை போகட்டும். எங்கேயும் கிடைக்காதவையும் அப்பா கையெழுத்தில் பட்டியல் எழுதியவையும் முப்பத்தொன்று. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், இரைச்சலை வடிகட்டாமல். இசைத்தட்டு பிளேயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டேப்ரெக்கார்டர் வாடகை வீட்டுக்கு வருகிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.