பின்னால் நின்றவரின் கொரியா

பண்பாட்டைப் பற்றி நம் ஊரில் எந்தக் கருத்தரங்கு நடந்தாலும் யாராவது ஒருவர் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். 1994இல் தென்கொரிய அதிபர் கிம் யங்-சாமிடம் ஓர் அறிக்கை போகிறது. 'ஜுராசிக் பார்க்' என்ற ஒரே படத்தின் வருமானம் 15 லட்சம் ஹியுண்டாய் கார்களை விற்பதற்குச் சமம் என்கிறது அது. அதிபர் திடுக்கிடுகிறார், அரசு திட்டம் தீட்டுகிறது, கால் நூற்றாண்டில் பிடிஎஸ், 'பாரசைட்', 'ஸ்க்விட் கேம்' என்று வரிசையாக வந்து விழுகின்றன. ஆகவே நாமும் ஒரு வாரியம் அமைப்போம். கைதட்டல், தேநீர் இடைவேளை.

அறிக்கை உண்மைதான். 1999இல் வந்த பண்பாட்டுத் தொழில் மேம்பாட்டுச் சட்டமும் உண்மை. அதன் பின் பணம் கொட்டப்பட்டதையும் மறுக்கவில்லை. ஆனாலும் கதை தவறு. பந்திக்கு வந்தவரைப் பெண்ணைப் பெற்றவர் என்று அறிமுகப்படுத்துவது போன்ற தவறு.

ஆரம்பக் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம், வாசகர்கள் அறிந்ததுதான். கொரியப் போருக்குப் பின் அமெரிக்கப் படை முகாம்களின் வாசல்தான் கொரிய நவீனத்தின் முதல் பள்ளிக்கூடம். முகாமில் மிஞ்சிய டப்பா இறைச்சியையும் சாசேஜையும் கிம்ச்சியோடு கொதிக்கவிட்டுப் 'பூடே ஜிகே' என்ற குழம்பு பிறந்தது. அதே வாசலில் கேட்டுப் பழகிய பாட்டுகளோடு கிம் சிஸ்டர்ஸ் 1959இல் லாஸ் வேகாஸ் போனார்கள். 1960இல் கிம் கி-யங் 'ஹவுஸ்மெய்ட்' எடுத்தார். மாடிப்படியை வர்க்கமாகப் பார்க்கும் கண் 'பாரசைட்'டுக்கு அங்கிருந்து வந்தது. மறு ஆண்டு ராணுவப் புரட்சி. யூ ஹியுன்-மோக்கின் 'ஓபல்தான்' தடைசெய்யப்பட்டது.

நான் நிற்க விரும்பும் இடம் எழுபதுகள். அரசு பண்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனைக்கூடம் கிடைக்காது. 1973 முதல் நீண்ட முடி வைத்த இளைஞர்களைப் போலீசார் தெருவிலேயே நிறுத்திக் கத்தரித்தார்கள். குட்டைப் பாவாடை அணிந்த பெண்களின் முழங்காலருகே அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். அரசின் ஆடை அலங்காரக் கொள்கை அவ்வளவுதான். படை முகாம் மேடைகளில் கிதார் வாசித்து வளர்ந்த சின் ஜுங்-ஹியுன், அதிபர் பார்க் சுங்-ஹீயைப் புகழ்ந்து பாட்டு எழுத மறுத்தார். 1975இல் கஞ்சா வழக்கில் உள்ளே போனார், பாடல்கள் தடைப்பட்டன. அதே ஆண்டு ஹா கில்-ஜோங்கின் 'முட்டாள்களின் அணிவகுப்பு' தணிக்கையின் கத்தரியில் ஏறத்தாழ அரை மணி நேரத்தை இழந்து வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, நாற்பதைத் தொடாமலே, அந்த இயக்குநர் இறந்துபோனார்.

இந்த வரிசையில்தான் கிம் மின்-கி வருகிறார். கொரிய அலையை ஆராய்பவர்கள் ஒரு வரியில் தாண்டிப் போகும் பெயர். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஓவிய மாணவர். 1971இல் 'காலைப் பனித்துளி' என்ற பாட்டை எழுதினார். யாங் ஹீ-யுன் பாடினார். 1973இல் நல்ல பாடல் என்று அதற்கு அரசே பரிசு கொடுத்தது. 1975இல் அதே அரசு தடைசெய்தது. வரிகள் மாறவில்லை, கேட்டவர்கள்தான் மாறியிருந்தார்கள்: மாணவர்கள் அதை ஊர்வலத்தில் பாடத் தொடங்கியிருந்தார்கள். அவர் ஆலையில் வேலை பார்த்தார், வயலில் உழைத்தார். 1978இல் தொழிற்சாலைப் பெண்களின் சங்கப் போராட்டத்தை இசைநாடகமாக்கி ரகசியமாகப் பதிவுசெய்து ஒலிநாடாவில் புழங்கவிட்டார். 'ஆலை வெளிச்சம்' என்ற அந்த நாடா கைமாறிக் கைமாறி நாடு முழுக்கப் போனது. இதற்கு எந்த வாரியமும் மானியம் தரவில்லை.

எண்பதுகளின் ஓவியத்துக்கும் இதே கதை. 1980 மே மாதம் க்வாங்ஜுவில் நடந்த படுகொலைக்குப் பிறகு 'மின்ஜுங்' என்ற மக்கள் கலை எழுந்தது. ஓ யுன்னின் மரச்செதுக்கு அச்சுகளில் உள்ள முரட்டுக் கோடுகளை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சின் ஹக்-சுல் வரைந்த 'நாற்று நடவு', தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989இல் பறிமுதலானது. நடவு ஓவியத்தில் எதிரி நாட்டைக் கண்டுபிடித்த காவல்துறையின் ரசனையை என்னவென்று சொல்ல! இன்று உலக ஏலங்களில் கொரிய ஓவியம் என்றாலே விலைபோவது ஒற்றை நிறத்தில் அமைதி காக்கும் 'தன்செக்வா'. அழகானதுதான். சர்வாதிகாரியின் வரவேற்பறையிலும் தொந்தரவு தராத அழகு.

தணிக்கையின் முடிச்சு அவிழ்ந்தது 1996இல். ஜங் தே-சுன் என்ற பாடகர் தணிக்கைக்கு அனுப்பாமலேயே ஒலிநாடா வெளியிட்டுப் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருந்தார். சோ டைஜி 1995இல் வரிகளை மாற்றச் சொன்னதற்கு வரிகளே இல்லாமல் வெறும் இசையை வெளியிட்டார். 1996 ஜூனில் பாடல்களுக்கான முன்தணிக்கை ஒழிந்தது. அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் திரைப்பட முன்தணிக்கை செல்லாது என்றது. அந்த வழக்கின் பின்னால் இருந்தது ஜாங்சன்கோட்மே என்ற சிறிய சினிமாக் குழு. 1990இல் இவர்கள் எடுத்த வேலைநிறுத்தப் படம் ஒன்றின் திரையிடலைத் தடுக்கப் பல்கலைக்கழகத்துக்கு ஹெலிகாப்டரே அனுப்பப்பட்டது. 'பாரசைட்' எடுத்த போங் ஜூன்-ஹோவும் இயக்குநர் பார்க் சான்-வூக்கும் தங்கள் முக்கியமான படங்களை எடுத்தது இந்தக் கதவு திறந்த பிறகு. 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) எண்பதுகளின் போலீஸ் நிலையத்தை அப்படிக் காட்டியிருக்கிறதென்றால், காட்டுவதற்கான உரிமையை வேறு சிலர் முன்பே வாங்கி வைத்திருந்தார்கள்.

அரசு எதுவுமே செய்யவில்லையா? செய்தது. உள்ளூர்ப் படங்களுக்கு ஆண்டில் 146 நாள் திரையரங்கு ஒதுக்கீடு இருந்தது, உதவியது. ஆனால் அமெரிக்க நெருக்குதலில் அதைக் குறைக்கப் பார்த்தபோது இயக்குநர்கள் 1999இல் தெருவில் தலையை மழித்துக்கொண்டு போராட வேண்டியிருந்தது. 2006இல் அது 73 நாளாகப் பாதியானது. கிம் தே-ஜுங் அதிபராக இருந்தபோது 'உதவுவோம், தலையிட மாட்டோம்' என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். அதன் பின்பாதியைத்தான் நம் கருத்தரங்குகள் விட்டுவிடுகின்றன.

அரசு தானே சமைக்கப் புகுந்த கதையும் உண்டு. 2009இல் கொரிய உணவை உலகமயமாக்கும் இயக்கம் ஆர்ப்பாட்டமாகத் தொடங்கியது. தெருவோரத் தின்பண்டமான 'தொக்போக்கி'க்கு வெளிநாட்டார் வாயில் நுழையட்டும் என்று புதுப் பெயர், ஆராய்ச்சி நிலையம் எல்லாம். உலகத்துச் சிறுவர்களைக் கண்ணீர் வழிய உறிஞ்ச வைத்ததோ ஒரு தனியார் கம்பெனியின் நெருப்புக் காரச் 'சாம்யாங்' நூடுல்ஸ். அதைப் பரப்பியவை யாரோ எடுத்துப் போட்ட யூடியூப் வீடியோக்கள்.

திட்டமிட்ட அரசின் முழு முகம் 2016இல் வெளிப்பட்டது. பார்க் சுங்-ஹீயின் மகள் பார்க் குன்-ஹே ஆட்சியில் அரசு உதவி தரக் கூடாத கலைஞர்களின் கறுப்புப் பட்டியல் ஒன்று இருந்தது. வெளியான ஒரு பட்டியலில் மட்டும் 9,473 பெயர்கள். போங் ஜூன்-ஹோ, பார்க் சான்-வூக், நடிகர் சோங் காங்-ஹோ, க்வாங்ஜு படுகொலையை நாவலாக்கிய ஹான் காங். நான்கு ஆஸ்கரும் 2024ஆம் ஆண்டின் நோபலும் வாங்கித் தந்தவர்கள், அரசின் கணக்கில் பட்டினி போடப்பட வேண்டியவர்கள். 'ஸ்க்விட் கேம்' பட்டியலில் இல்லை. ஏனென்றால் அப்போது அது படமாகவே இல்லை. இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹியுக் 2009 வாக்கில் எழுதி முடித்தும் உள்ளூரில் பணம் போட ஆளில்லாமல் பத்தாண்டு கிடந்தது. அதன் நாயகன், ஆலை வேலைநிறுத்தத்தில் அடிபட்டு வெளியேறியவன். 1978இன் ஒலிநாடாவுக்கு அவன் அந்நியன் அல்ல.

2016 குளிர்காலத்தில் பார்க் குன்-ஹேவுக்கு எதிரான மெழுகுவர்த்திக் கூட்டங்களில் யாங் ஹீ-யுன் மேடையேறி 'காலைப் பனித்துளி'யைப் பாடினார். சில மாதங்களில் அதிபர் பதவி இழந்தார். எழுதிய கிம் மின்-கி அந்த மேடையில் இல்லை. தன்னைப் 'பின்னால் கிடப்பது' என்றும் நடிகர்களை 'முன்னால் நிற்பது' என்றும் சொல்லிக்கொள்வது அவர் வழக்கம்.

1991இல் சியோலின் தேஹாங்னோ பகுதியில் அவர் ஒரு சிறு அரங்கம் தொடங்கினார். பெயர் ஹக்ஜோன், கல்வி வயல். அதை நாற்றங்கால் என்றே அவர் நினைத்தார்: இங்கே முளைத்தவை வேறு வயல்களில் நடப்படும். பாடகர் கிம் க்வாங்-சோக் அங்கே ஆயிரமாவது கச்சேரியைத் தொட்டார். 1994இல் பெர்லின் கிரிப்ஸ் அரங்கின் இசைநாடகம் ஒன்றைச் சியோல் ரயிலுக்கு மாற்றி, 'சுரங்க ரயில் தடம் 1' என்று போட்டார். சொல் க்யுங்-கு, ஹ்வாங் ஜுங்-மின், கிம் யுன்-சோக் போன்ற நடிகர்கள் அந்த மேடையில் வளர்ந்தவர்கள். இளம் பாடகர்கள் 13 ஆண்டு ஒப்பந்தத்தில் சிக்கி 2009இல் நீதிமன்றம் போனார்களே, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தன் நடிகர்களுக்கு எழுத்து ஒப்பந்தமும் வசூலில் பங்கும் கொடுத்தவர் அவர். ஏற்றுமதி செய்திருக்க வேண்டியது இதைத்தான்.

2008இல், 4,000 காட்சிகள் முடிந்ததும், ஓடிக்கொண்டிருந்த அந்த நாடகத்தை அவரே நிறுத்தினார். பணம் வரும் வேலையையே செய்துகொண்டிருந்தால் பணம் வராத வேலையைச் செய்ய முடியாமல் போய்விடும் என்பது அவர் பயம். பிறகு நஷ்டத்தில் சிறுவர் நாடகங்கள் போட்டார். 2024 மார்ச் 15இல் ஹக்ஜோன் மூடப்பட்டது. ஜூலை 21இல் அவர் இறந்தார். அந்தக் கட்டிடத்தில் இப்போது சிறுவர் அரங்கம் ஒன்று நடக்கிறது. ஹக்ஜோன் என்ற பெயர் அங்கே இல்லை. அவர் விருப்பம் அப்படி.